வண்ணாரப்பேட்டையில் உட்கார்ந்து டொராண்டோ கணினியில் ஆல்பம் வேலை

ஊருக்குப் போனால் நெட் ஒழுங்காகக் கிடைக்குமா என்று கேட்பவர்களுக்கு: பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் வீட்டு ஃபைபர் இணைப்பு, டொராண்டோ வீட்டு கேபிள் இணைப்பைவிட நன்றாகவே இருந்தது. இங்கே ஏற்றவும் இறக்கவும் ஒரே 100 எம்பிபிஎஸ். அங்கே இறக்கத்தான் வேகம். ஏற்றுவதற்கு 10 கிடைத்தால் பெரிய விஷயம்.

அப்பாவின் அறுபதாம் கல்யாணத்தில் நான் எடுத்த ரா படங்கள் (கேமரா பதப்படுத்தாமல் சேமிக்கும் அசல் ஃபைல்கள்) எல்லாம் டொராண்டோ கணினியில். சுமார் 1,500 படம், ஒன்று 28 எம்பி. நான் திரும்புவதற்குள் ஆல்பம் கையில் வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டாள். மொத்தம் 42 ஜிபி. அந்த வேகத்தில் இழுத்தால் ஒன்பது மணி நேரத்துக்கு மேல், அதுவும் நடுவில் அறுந்து போகாவிட்டால்.

ரிமோட் டெஸ்க்டாப்பில், அதாவது அந்தக் கணினியின் திரையை நெட் வழியாக இங்கே வரவழைத்து, அங்கேயே எடிட் செய்யலாமே என்பார்கள். ஃபைல் தேட, எக்ஸ்போர்ட் போட்டுவிட அது போதும். வண்ணம் பார்க்க லாயக்கில்லை. ஸ்லைடரை இழுத்தால் படம் தாமதித்துத்தான் அசைகிறது. திரையைச் சுருக்கி அனுப்புவதால் அம்மாவின் அரக்குப் புடவை ஜரிகை சேறு பூசினதுபோல் தெரிந்தது.

கைகொடுத்தது அடோபியின் படம் திருத்தும் மென்பொருளான லைட்ரூம் கிளாசிக்கின் ஸ்மார்ட் பிரிவ்யூ. 2013-இல் வந்த ஐந்தாம் பதிப்பிலிருந்தே இருக்கிற வசதிதான். நீளப் பக்கம் 2540 பிக்சல் உள்ள சின்ன டிஎன்ஜி (அடோபியின் ரா வடிவ ஃபைல்). வெளிச்சம், வண்ணம் எல்லாம் ரா போலவே திருத்தலாம். 14 ஜிபி வரும் 500 ரா படத்துக்கு இது 400 எம்பி என்பது அடோபி சொல்லும் கணக்கு. ரிமோட்டில் போய் பிரிவ்யூக்களை உருவாக்கி, அசல் ஃபைல் இல்லாமல், திருத்தங்களைக் குறித்து வைக்கும் கேட்டலாக் ஃபைலோடு இறக்கினேன். அரை மணிக்குள் லேப்டாப்புக்கு வந்துவிட்டது.

ஒருநாள் மத்தியானம் கரண்ட் போனது. ஃபேன் இன்வெர்ட்டரில் ஓடுகிறது, மோடம் செத்துக் கிடக்கிறது! தெருமுனை எலக்ட்ரிக்கல் கடையில் ரூட்டருக்கான மினி யூபிஎஸ் ஒன்று வாங்கினேன், தீர்ந்தது. வெளிநாட்டு வீட்டிலும் கரண்ட் போகும். வந்ததும் கணினி தானே ஆன் ஆகும்படி பயாஸில் (கணினி கிளம்பும்போது முதலில் ஓடும் அடிப்படை அமைப்பு) ஊருக்குக் கிளம்புமுன்பே வைத்துவிட வேண்டும். சென்னையிலிருந்து அதைத் தொட முடியாது.

அப்புறம் ராயபுரம் பக்கம் ஒரு கலர் லேப். “சார், 12க்கு 36 கரிஷ்மா ஷீட்டு, 300 டிபிஐ வேணும். வாட்ஸ்அப்ல வந்த படத்தலாம் குடுத்துராதீங்க” என்றார் கவுன்டரில் இருந்தவர். சரிதான். கரிஷ்மா என்பது கல்யாண ஆல்பத்தின் அகலத் தாள், 300 டிபிஐ என்றால் அங்குலத்துக்கு 300 பிக்சல். 2540 பிக்சலை 300-ஆல் வகுத்தால் எட்டரை அங்குலம்தான். ஓரத்தில் ஒட்டுகிற சின்னப் படத்துக்கு ஆகும், முழுப் பக்கத்துக்கு ஆகாது. அதனால் திருத்திய கேட்டலாக்கை மட்டும் டொராண்டோவுக்கு அனுப்பி, அங்கே பழைய கேட்டலாக்கில் இம்போர்ட் செய்து, தேர்ந்தெடுத்த படங்களை மட்டும் எஸ்ஆர்ஜிபி (பொதுவான வண்ண முறை) ஜேபெக்காக முழு அளவில் எடுத்தேன். ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கினால் காலையில் ஆன்லைன் டிரைவில் இருக்கும்.

லேபில் கேட்காமலே ‘கரெக்‌ஷன்’ போட்டு முகத்தை வெளுக்க வைக்கிறார்கள். முதல் ஷீட்டில் அப்பா யாரோபோல் இருந்தார். “இது யாரு, உன் மாமனாரா?” என்று அம்மாவே கேட்டுவிட்டாள். ‘கரெக்‌ஷன் வேண்டாம்’ என்று ஆர்டர் சீட்டில் எழுத வைத்தேன். அந்த ஷீட்டைக் காசு வாங்காமல் மறுபடி போட்டுக் கொடுத்தார்கள்.