‘ஆண்டிக்’ மாணிக்க மோதிரம் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

பழைய நகை, அதுவும் மாணிக்கக் கல் வைத்தது என்று சொல்லி யாராவது விற்றால், லேப் ரிப்போர்ட் பார்க்காமல் பணத்தை எடுக்காதீர்கள். எனக்கு விற்றவர் “நூறு வருஷத்துக்கு மேற்பட்ட மோதிரம், இயற்கை மாணிக்கம்” என்றார். பில்லிலும் அப்படியே எழுதிக் கொடுத்தார். வாங்கிய விலையும் அதற்கேற்ற விலைதான்.

விரலுக்குத் தளர்வாக இருந்ததால் அளவைக் குறைக்கப் பத்தரிடம் கொடுத்தேன். வளையத்தை வெட்டி, பொடி வைத்து நெருப்பில் ஊதிப் பற்றவைத்து, ஆசிட்டில் போட்டு எடுத்தார். வெளியே வந்த கல்லைப் பார்த்து அவரே திகைத்துவிட்டார். சிவப்புப் பரப்பு முழுக்க வெள்ளை வெள்ளையாகக் கோடுகள். நகத்தால் தடவினால் ஒவ்வொரு கோடும் பள்ளமாகத் தட்டுப்பட்டது.

விற்றவரிடம் போய்க் கேட்டால் பழியைப் பத்தர் மேல் போட்டார். “சூடு வச்சுக் கெடுத்துட்டாங்க, நான் என்ன பண்றது?” மாணிக்கத்தின் நிறத்தைக் கூட்டுவதற்கே ஆயிரம் டிகிரிக்கு மேல் சூடாக்குவது இந்தத் தொழிலில் சாதாரணம். விரிசல் விட்ட கல்லுக்குத் திடீர்ச் சூடு ஆகாது, சரி. ஆனால் ஆசிட்டில் கரைந்து போகிற பொருள் மாணிக்கத்துக்குள் எப்படி வந்தது?

லேபில் கொடுத்ததும் தெரிந்துவிட்டது: ஈயக் கண்ணாடி. விரிசல் மண்டிய மட்டமான கல்லை எடுத்து, கண்ணாடியை உருக்கி விரிசல்களுக்குள் ஏற்றிவிடுகிறார்கள். அந்தக் கண்ணாடியின் ஒளிவிலகல் மாணிக்கத்தோடு ஏறக்குறைய ஒத்துப்போவதால் விரிசல் கண்ணுக்கு மறைந்து, கல் தெளிவாகத் தெரியும். பத்து மடங்கு லென்ஸில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தால் உள்ளே நீல மினுக்கமும் தட்டையான காற்றுக் குமிழிகளும் தெரியும். இந்த நிரப்பலை அரிக்க ஆசிட்கூட வேண்டாம், எலுமிச்சைச் சாறே போதும்.

இதில் எனக்கு அதிகம் எரிச்சல் தந்தது வயதுக் கணக்குதான். ஈயக் கண்ணாடி நிரப்பும் முறை சந்தைக்கு வந்ததே 2004 வாக்கில். அப்புறம் எங்கே நூறு வருஷம்? “கல்லை நடுவில் யாராவது மாற்றியிருப்பார்கள்” என்றார் விற்றவர். மாற்றிய கல் என்றால் பில்லில் அதைச் சொல்ல வேண்டாமா? தவிர, மோதிரமும் பழையதில்லை என்றே நினைக்கிறேன். பல காலம் போட்ட மோதிரத்தில் வளையத்தின் அடிப்பக்கம் மெலிந்திருக்கும், கல்லைப் பிடிக்கும் கவ்வுகள் மழுங்கியிருக்கும். இதில் இடுக்குகளில் கறுப்பு மட்டும் ஏற்றியிருந்தது, தேய்மானம் துளியும் இல்லை.

நிஜமாகவே பழைய மோதிரமாக இருந்தாலும் கல்லை நம்பிவிட முடியாது. செயற்கை மாணிக்கம் செய்யும் முறையை பிரெஞ்சு வேதியியலாளர் வெர்னுய் 1902-லேயே அறிவித்துவிட்டார். அதற்குப் பிந்தைய பழைய நகைகளில் அந்தக் கற்கள் தாராளமாக உண்டு.

பில்லில் ‘இயற்கை’ என்று மட்டும் போட்டிருந்தால் விடாதீர்கள். கல்லுக்கு என்ன செய்திருக்கிறார்கள், சூடாக்கியதா, நிரப்பியதா என்று எழுதச் சொல்லுங்கள். எனக்கு விற்றவர் இப்போது பணத்துக்குப் பதிலாக வேறொரு ‘ஆண்டிக்’ மோதிரம் தருகிறேன் என்கிறார். லேப் ரிப்போர்ட்டோடு கொடுங்கள் என்றேன். இன்னும் பதில் இல்லை.