முப்பது வெள்ளி லாபமும் ஒரு பாக்குச் சத்தமும்

என் சித்தி மகனுக்கு அடுத்த வாரம் புதுக் கார் வருகிறது. நேற்று இரவு பதினொன்றரை மணிக்கு வாட்ஸ்அப்பில் கேட்கிறான்: "அக்கா, எக்ஸ்டெண்டட் வாரண்டி போடவா, வேண்டாமா? நாளைக்குள்ள சொல்லணுமாம். கணக்குப் பார்த்தா ஒரு நாளைக்கு ஒரு கோப்பிக் காசுகூட ஆகாதாம்."

காரோடு வரும் வாரண்டி முடிந்த பிறகும் பழுதைச் சும்மா சரிசெய்து தர, முன்கூட்டியே காசு வாங்கிக்கொள்ளும் திட்டம் அது. அதே கோப்பிக் கணக்கை எனக்கும் சொன்னவர்கள்தான். "வேண்டாம்டா" என்று அனுப்பிவிட்டுப் படுத்துவிட்டேன். காலையில் பார்த்தால் அடுத்த கேள்வி காத்திருக்கிறது: "ஏன்? உனக்கு ஏர்கோன் சும்மா மாத்திக் கொடுத்தாங்களே?"

மாற்றிக் கொடுத்தார்கள். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

என் கார் 2019 டிசம்பரில் பதிவானது. ஏ பிரிவு சிஓஇ, அதாவது இங்கே சிங்கப்பூரில் சிறிய காரைப் பத்து ஆண்டு வைத்திருக்க ஏலத்தில் எடுக்க வேண்டிய சான்றிதழ், அப்போது 40,000 வெள்ளிக்குக் கீழே இருந்தது. காரோடு ஐந்து ஆண்டு வாரண்டி வந்தது. கூடுதலாக மூன்று ஆண்டு எடுத்துக்கொள்ளுங்கள், 1,900 வெள்ளிதான் என்று விற்பனையாளர் சொன்னபோது, இன்னும் ஓடவே தொடங்காத காருக்கு இப்போதே மருத்துவச் செலவா என்று கேட்டுவிட்டு வந்தேன். 2023 செப்டம்பரில் அதே ஏ பிரிவு 100,000 வெள்ளியைத் தாண்டியது. அன்றிலிருந்து என் பழைய காரை நான் பார்க்கும் பார்வையே மாறிவிட்டது. இது போனால் இன்னொன்று கிடையாது. 2024 நவம்பரில் வாரண்டி முடியப்போகிறது என்று கடிதம் வந்தபோது விலை 2,650 ஆகியிருந்தது. வாயைத் திறக்காமல் கட்டினேன். எட்டு ஆண்டு அல்லது 150,000 கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அதுவரை.

பயம் மட்டும் காரணமில்லை. இங்கே கார்க் கடனை ஏழு ஆண்டுவரை இழுக்கலாம், நானும் இழுத்திருந்தேன். வாரண்டியோ ஐந்தோடு சரி. மீதி இரண்டு ஆண்டும் வங்கிக்குத் தவணையும் கட்டி, பட்டறைக்கும் அழுவதா? தம்பி, விற்பனையாளர் உனக்குச் சொல்லாத கணக்கு இது. கோப்பிக் கணக்கைவிட இதில் கொஞ்சம் நியாயம் உண்டு.

2025 மார்ச். பழைய வாரண்டி முடிந்து மூன்றே மாதம். எங்கள் புளோக்கின் அடுக்குமாடிக் கார்நிறுத்தத்தில் உச்சித் தளத்தில்தான் எப்போதும் இடம் கிடைக்கும். மதியம் இரண்டு மணிக்குக் காரை எடுத்தால் ஏர்கோனில் வெறும் காற்று. வாயு கசிந்திருந்தது. டாஷ்போர்டுக்கு உள்ளே இருக்கும் கூலிங் காயில், அதாவது காற்றைக் குளிர்விக்கும் சுருள், ஓட்டையாகிவிட்டது. நம் ஊரில் இது அதிசயமே இல்லை. வருடம் முழுக்க ஏர்கோன் ஓடுகிறது, அந்த அலுமினியச் சுருள் எந்நேரமும் ஈரத்தில் ஊறுகிறது, ஈரத்தோடு தூசியும் சேர்ந்து அரித்துக் கண்ணுக்குத் தெரியாத துளை போட்டுவிடும். காயில் என்னவோ சின்னப் பொருள்தான். அதை எடுக்க டாஷ்போர்டை முழுதாகக் கழற்ற வேண்டும். கூலிதான் கழுத்தை நெரிக்கும்.

இந்த இடத்தில் நான் நேர்மையாக இருக்க வேண்டும். கார் விற்ற நிறுவனத்தின் பட்டறையில் ஒரு கேள்வி கேட்கவில்லை. காலையில் காரை விட்டேன், மதியத்துக்குள் ஒப்புதல் வந்துவிட்டது, மறுநாள் மாலை கார் கைக்கு வந்தது. வாரண்டி இல்லையென்றால் அங்கே 2,300 வெள்ளி ஆகியிருக்குமாம். காயிலும் கூலியும் இலவசம். நிரப்பிய வாயுவுக்கு மட்டும் 160 வெள்ளி நான் கட்டினேன். வாயு "தீர்ந்துபோகும் பொருள்" பட்டியலில் வருகிறதாம். ஓட்டை வழியாகப் போனது தீர்ந்துபோனதாகுமா என்று கேட்க நினைத்தேன், ஆனால் முகப்பில் இருந்த பையன் அவ்வளவு பணிவாகப் பேசினான், கேட்க மனம் வரவில்லை. அதன் பிறகு கூலண்ட் கசிந்து வாட்டர் பம்ப் மாற்றினார்கள், 780 வெள்ளி வேலை. பின்பக்க ஜன்னல் ஒன்று பாதியில் நின்றது, அதன் மோட்டார் 450. எல்லாம் இலவசம். குளிர் இன்றைக்கும் பிரமாதம். கைக்குட்டை வைத்து காற்றுவாயை மறைக்கும் அளவுக்கு.

சரி, இனி சத்தம்.

டாஷ்போர்டு கழற்றி மாட்டிய மறுநாள். ஈசூனிலிருந்து ஜூரோங்கிற்கு வேலைக்குப் போகிறேன். சிலேத்தார் விரைவுச்சாலையில் எழுபதைத் தொட்டதும், இடது பக்கம், கண்ணாடிக்கும் டாஷ்போர்டுக்கும் நடுவில் எங்கேயோ, வெற்றிலைப் பெட்டிக்குள் ஒற்றைப் பாக்கு உருள்வது மாதிரி ஒரு சத்தம். டொக். கொஞ்சம் விட்டு, டொக் டொக். மேம்பாலத்தின் இணைப்புகளில் ஏறி இறங்கும்போது பாக்குக்குக் குஷி வந்துவிடும். அறுபதுக்குக் கீழே வந்தால் அடங்கிவிடும்.

ஐந்து வருடம் இந்தக் காரில் அப்படி ஒரு சத்தம் இருந்ததில்லை. இது பெரிய கார் கிடையாது, ஆனால் கதவைச் சாத்தினால் ஒரு அமைதி இருக்கும். வீட்டில் மாமியார், இரண்டு பிள்ளைகள், எந்நேரமும் ஓடும் தொலைக்காட்சி. எனக்கென்று கிடைத்த நாற்பது நிமிடம் அந்தக் கார்தான். இப்போது அதில் பாக்கு உருள்கிறது.

திரும்பக் கொண்டுபோனேன். ஆள் கூட உட்கார்ந்து ஒரு சுற்று வந்தார். சத்தம் வரவில்லை. பட்டறையைச் சுற்றி ஐம்பதில் ஓட்டினால் எப்படி வரும்? இரண்டாவது தடவை விரைவுச்சாலைக்கே கூட்டிக்கொண்டு போனேன். வந்தது. அவரும் தலையாட்டினார். ஏதோ பஞ்சுப் பட்டை ஒட்டி அனுப்பினார்கள், பதினொரு நாள் அமைதி, பன்னிரண்டாம் நாள் டொக். மூன்றாவது தடவை போனபோது அதே பணிவான பையன் ஒப்பந்தத்தின் ஏழாம் பக்கத்தைத் திருப்பிக் காட்டினான். சத்தம், அதிர்வு, நிறம் மங்குதல் ஆகியவை இந்த உத்தரவாதத்தில் அடங்கா. வண்டியின் ஓட்டத்தைப் பாதிக்காதாம். என் ஓட்டத்தைப் பாதிக்கிறதே என்றேன். சிரித்தான். பாவம், அவன் என்ன செய்வான். பழைய க்ளிப்புகளில் ஒன்றிரண்டு கழற்றும்போது உடைந்திருக்கும், உடைந்ததோடேயே மாட்டியிருப்பார்கள் என்பது என் ஊகம். வாரண்டி வேலைக்கு மெக்கானிக்குக் குறித்துக் கொடுத்த நேரம் இத்தனை மணி என்று இருக்குமே, அதற்குள் முடிக்க வேண்டும். இதுவும் ஊகம்தான், கோபத்தில் செய்த ஊகம்.

என் வீட்டுக்காரர் கணக்கில் புலி. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து போட்டுப் பார்த்தார். வாரண்டிக்குக் கட்டியது 2,650. ஆறு மாதத்துக்கு ஒரு முறை அவர்களிடமே சர்வீஸ் செய்ய வேண்டும் என்பது நிபந்தனை. 10,000 கிலோமீட்டர் ஓடாவிட்டாலும் தேதி வந்தால் போயாக வேண்டும். நான் ஆண்டுக்கு 16,000 ஓட்டுபவள், எனக்குத் தேதிதான் எப்போதும் முந்தும். அங்கே ஒரு சர்வீஸ் 420, வெளியே 190. மூன்று சர்வீஸுக்கு வித்தியாசம் 690. வாயு 160. ஆக மொத்தம் 3,500 வெள்ளி போட்டிருக்கிறேன். கிடைத்த வேலைகளின் மதிப்பு அவர்கள் விலைப்படி 3,530.

"முப்பது வெள்ளி லாபம்," என்றார், நாற்காலியில் சாய்ந்துகொண்டு.

அவர் கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது, கூலிங் காயில் ஓட்டையைவிடப் பெரியது. அதே மூன்று வேலையையும் சின் மிங் பட்டறைப் பகுதியில் எங்களுக்குத் தெரிந்த மெக்கானிக் அங்கிளிடம் கேட்டால் 1,670 வெள்ளியில் முடிந்திருக்கும், விசாரித்துவிட்டேன். அப்படிப் பார்த்தால் எனக்கு 1,830 நஷ்டம். அவர்கள் போட்ட விலையை அவர்களே தள்ளுபடி செய்துவிட்டு லாபம் என்றால் யார்தான் லாபம் பார்க்க முடியாது? இதைச் சொன்னதும், இன்னும் காலம் பாக்கி இருக்கிறதே, கியர்பாக்ஸ் போனால் தெரியும் என்றார். போனால் தெரியும்தான். அந்த ஒரு வாக்கியத்தை நம்பித்தான் இந்த வியாபாரமே நடக்கிறது.

வெளியே சர்வீஸ் செய்தால் வாரண்டி போய்விடும் என்று இன்னும் பலர் நினைக்கிறார்கள். காரோடு வரும் வாரண்டிக்கு அது பழைய கதை. வணிகப் போட்டியைக் கண்காணிக்கும் அப்போதைய போட்டித்தன்மை ஆணையம் தலையிட்டதால், 2017 டிசம்பரில் பெரிய விற்பனை நிறுவனங்கள் அந்த நிபந்தனையை எடுத்துவிட ஒப்புக்கொண்டன. வெளிப்பட்டறை செய்த வேலையால்தான் பழுது வந்தது என்றால் மட்டும் மறுக்கலாம். தம்பி, முதல் ஐந்து ஆண்டுக்கு இதை நினைவில் வை. ஆனால் பணம் கட்டி வாங்கும் நீட்டிப்பு தனி ஒப்பந்தம். அதில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான். என்னுடையதில் அவர்களிடமே சர்வீஸ் என்ற கழுத்துக் கயிறு எழுதியிருந்தது, நான் கையெழுத்துப் போட்டேன். இரண்டாம் பக்கத்தோடு படிப்பதை நிறுத்திவிட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஏழாம் பக்கத்தில்தான் பாக்கு இருந்தது.

உன்னுடையது மின்சாரக் கார், அதனால் என் கதை அப்படியே உனக்குப் பொருந்தாது. பேட்டரிக்குப் பெரும்பாலும் தயாரிப்பாளரே எட்டு ஆண்டு தருகிறார்கள். பயப்பட வேண்டிய பெரிய பொருள் ஏற்கெனவே பாதுகாப்பில் இருக்கிறது. அப்படியானால் நீ கூடுதலாகக் காசு கொடுத்து எதை வாங்குகிறாய்? திரை, ஏர்கோன் கம்ப்ரெசர், வண்டிக்குள்ளேயே இருக்கும் சார்ஜர், இந்த மாதிரிதான் இருக்கும். பட்டியலைக் கையில் வாங்கிப் பார். அடங்காதவை என்ற பட்டியலை முதலில் பார். ஆறாம் ஆண்டிலேயே விற்றுவிடுவாய் என்றால், வாங்குபவர் பெயருக்கு மாறுமா, மாற்றக் கட்டணம் எவ்வளவு என்றும் கேள். பத்தாம் ஆண்டில் எப்படியும் சிஓஇ முடிகிறது. ஒன்பதாம் ஆண்டில் பெரிய பழுது வந்தால் செலவு செய்வோமா, ஒப்படைத்துவிடுவோமா என்பதும் வேறு கணக்கு.

இன்னொன்று. மின்சாரக் காரில் இயந்திரச் சத்தம் கிடையாது. என் காரில் பாக்கு உருண்டால் பாதியை இயந்திரம் விழுங்கிவிடுகிறது. மீதியை நான் காற்றை மூன்றாம் எண்ணில் வைத்து அமுக்குகிறேன். உன் காரில் உருண்டால் கோயில் மணி மாதிரி கேட்கும்.

என்னைக் கேட்டால், போடாதே. முப்பது வெள்ளி லாபம், பணிவான பையன், பிரமாதமான குளிர், எல்லாம் உண்மை. இருந்தாலும் போடாதே. அந்தக் காசைத் தனியாக ஒரு கணக்கில் போட்டு வை. பழுது வந்தால் யார் கையால் டாஷ்போர்டைத் திறக்கலாம் என்று நீயே முடிவு செய்யலாம்.

போன சனிக்கிழமை சின் மிங்கிற்குப் போனேன். அங்கிள் என் அப்பாவின் பழைய காரிலிருந்து எங்களுக்குப் பழக்கம். பக்கத்தில் உட்கார்ந்து மத்திய விரைவுச்சாலையில் வந்தார், கண்ணை மூடிக்கொண்டு கேட்டார், ஒரே நிமிடத்தில் விரலை நீட்டினார். இடது மூலை, காற்றுக்குழாய்க்கு மேலே, ஒரு க்ளிப். இரண்டு மணி நேர வேலை, நூற்று இருபது வெள்ளி என்றார். அப்புறம் வாரண்டி இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். கையை எடுத்துவிட்டார். நான் திறந்தால் நாளைக்கு உள்ளே எது போனாலும் என்னைத்தான் கைகாட்டுவார்கள், உனக்கும் ஒன்றும் கிடைக்காது, முடிந்த பிறகு வா என்றார்.

"2027 டிசம்பர்தான் அங்கிள் முடியுது."

கையைத் துடைத்துக்கொண்டே யோசித்தார். "2027 டிசம்பரா? அதுக்குள்ள நான் கடையை மூடிடுவேன்மா."