மடியில் வந்து விழுந்த ஸ்டீரிங்

புதுவயலில் இருக்கும் மச்சான் போன வாரம் போன் செய்தார். புது டிராக்டர் எடுக்கப் போகிறாராம். டில்ட் ஸ்டீரிங், அதாவது ஆளுக்கு ஏற்ற மாதிரி ஏற்றி இறக்கிச் சாய்த்துக்கொள்ளும் ஸ்டீரிங், உள்ள மாடலுக்கு இருபதாயிரம் கூடக் கேட்கிறார்கள், எடுக்கலாமா என்றார். கேட்ட நேரம் சரியில்லை. அன்று காலையில்தான் என் வண்டியை அதே ஸ்டீரிங்குக்காக இரண்டாம் தடவை காரைக்குடிப் பட்டறையில் விட்டு எடுத்து வந்திருந்தேன். போனில் சொன்னதில் முக்கால்வாசி திட்டு. ஆற அமர எழுதினால் கொஞ்சம் நியாயமாக வரும் என்று எழுதுகிறேன்.

வண்டி 45 எச்.பி., 2019-ல் எடுத்தது. மீட்டர் 2,300 மணி நேரத்தைத் தாண்டிவிட்டது. இழுவை, டீசல், ஹைட்ராலிக் எதிலும் குறையில்லை. அதனால் அதையெல்லாம் விட்டுவிடுகிறேன்.

டில்ட் பிடித்துப்போன காரணத்தை முதலில் சொல்ல வேண்டும். நான் குள்ளம். எங்கள் டிரைவர் அண்ணன் ஆறடிக்குக் கொஞ்சம்தான் குறைவு, தொப்பை தனி. பழைய வண்டியில் எனக்கு ஸ்டீரிங் நெஞ்சுக்கு நேராக நிற்கும், அவருக்குத் தொடையில் இடிக்கும். இதில் லீவரைத் தட்டி இழுத்தால் அவரவருக்கு வேண்டிய உயரத்தில் உள்ள லாக் பல்லில் உட்கார்ந்துகொள்கிறது. ஆவணியில் புழுதி உழவு ஓட்டும்போது ஒன்பது கொத்துக் கலப்பையை நாள் முழுக்கத் திரும்பித் திரும்பிப் பார்க்க வேண்டும். ஸ்டீரிங் சக்கரத்தை ஒரு பல் இறக்கி வைத்துக்கொண்டால் தோள்பட்டை வலி பாதியாகக் குறைகிறது. கோடையில் கண்மாயில் வண்டல் அள்ளும்போது ஏறி இறங்கியே ஆள் ஓய்ந்துவிடும். அப்போது சக்கரத்தை மேலே தள்ளிவிட்டால் முட்டி தட்டாமல் இறங்கலாம். முதல் இரண்டு வருடம் பார்க்கிறவரிடமெல்லாம் இதைத்தான் பெருமையடித்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் வருடம் ‘டக் டக்’ என்று ஒரு சத்தம் ஆரம்பித்தது. கண்டுகொள்ளவில்லை. ஒருநாள் இடித்த வீடு ஒன்றின் கல்தூண்களை டிரெய்லரில் ஏற்றி, காரைக்குடிப் பழம்பொருள் கடைக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தேன். கல்லல் சாலையில் ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியதும் ஸ்டீரிங் அப்படியே என் மடியில் வந்து விழுந்தது. பவர் ஸ்டீரிங் என்பதால் முன்சக்கரத்தைத் திருப்புவது எண்ணெய்தான். மேலே இருக்கும் தண்டு வால்வைத் திருப்புவதோடு சரி. அது சாய்ந்தாலும் வண்டி சொன்ன பேச்சைக் கேட்டது. ஆனால் பின்னால் அத்தனை கல் இருக்கும்போது இந்த விவரமெல்லாம் யாருக்கு ஞாபகம் வரும்? ஓரங்கட்டி நிறுத்தியபோது கை நடுங்கியது.

முதலில் பார்த்த மெக்கானிக் சக்கரத்தை ஆட்டிப் பார்த்துவிட்டு, “ஆர்பிட்ரோல் போச்சுண்ணே, பெரிய செலவு” என்றார். தண்டு திருப்புகிற அந்த எண்ணெய் வால்வைத்தான் அப்படிச் சொல்வார்கள். நல்லவேளை, பட்டறைப் பெரியவரிடம் போனேன். அவர் கீழே குனிந்து தண்டைக் கையால் பிடித்துக்கொண்டு, “நீ மேல இருந்து திருப்பு, அப்புறம் பக்கவாட்டுல ஆட்டு” என்றார். திருப்பினால் தண்டும் முன்சக்கரமும் உடனே அசைந்தன. ஆக ஆர்பிட்ரோலும், தண்டு சாய்ந்தாலும் திருப்பத்தைக் கடத்தும் கிராஸ் ஜாயின்டும் சரி. பக்கவாட்டில் ஆட்டினால் மேல்பாகம் மட்டும் ஒரு விரற்கடை ஆடியது. சாயும் இடத்து அச்சைச் சுற்றியிருக்கும் புஷ் வளையமும், பல்லைப் பிடித்து நிறுத்தும் லாக்கும்தான் வியாதி.

பேட்டரி வயரைக் கழற்றி, ஹாரன் பட்டனை எடுத்து, நட்டை அவிழ்த்து, புல்லர் போட்டுச் சக்கரத்தைப் பிடுங்கினார். மூடியைத் திறந்ததும் உள்ளே செக்கச்செவேலென்று ஒரு களிம்பு. செம்மண் புழுதியும் கிரீஸும் குழைந்து, இன்ஜின் வால்வு தேய்க்கிற சொரசொர பேஸ்ட் மாதிரி ஆகியிருந்தது. கிரீஸ் அடிக்கிற நிப்பிள், ஸ்டீரிங் சாயும் அச்சாணிக்கு மட்டும்தான். லாக் பல்லின் மேல் சத்தம் அடங்கட்டும் என்று கிரீஸை அப்பிய புண்ணியவான் நான்தான். அது புழுதியைப் பிடித்துவைத்துக்கொண்டு பல்லைத் தின்றிருக்கிறது. நடுவில் இரண்டு பல் சப்பிப் போட்ட கருப்பட்டித் துண்டு போல வழவழ என்றிருந்தது. பெரியவர் டிரைவர் அண்ணனை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டார்: “ஏறும்போது எதைப் பிடிச்சு ஏறுறீங்க?” அண்ணன் பதில் சொல்லவில்லை. தொண்ணூறு கிலோவும் ஒவ்வொரு தடவையும் அந்த இரண்டு பல்லில்தான் தொங்கியிருக்கிறது.

சரி, தப்பில் பாதி எங்களுடையது. மீதிப் பாதிக்குத்தான் கோபம். ஷோரூமில் கேட்டால் லாக் மட்டும் தனியாக வராதாம், தண்டும் உறையும் சேர்ந்த ஸ்டீரிங் காலம் (column) மொத்தத்தையும் மாற்றச் சொல்லி பதினெட்டாயிரம் என்றார்கள். அந்தக் கோபத்தில் பல் இருக்கும் லாக் தகட்டைத் தனியே கழற்றி, தேய்ந்த பல்லை வெல்டிங்கில் வளர்த்து அரம் போட்டோம். 1,200 ரூபாய். நான்கே மாதம்! நாங்கள் போட்ட சாதா வெல்டிங் ராடு மெது இரும்பு. கம்பெனிப் பல்லுக்குக் கொடுத்திருந்த கடினம் வெல்டிங் சூட்டிலேயே போய்விட்டதாம். அப்புறம் மதுரையிலிருந்து அதே லாக் தகடு, கொக்கி, ஸ்பிரிங் எல்லாம் தனி செட்டாகவே வந்தது, 4,650 ரூபாய்க்கு. அதற்குப் பதினோரு நாள் காத்திருந்தேன். புரட்டாசி, மழை கூடிக்கொண்டு நிற்கிறது, விதைக்க வேண்டிய புஞ்சையில் வாடகை வண்டி ஓடுகிறது. அந்தப் பதினோரு நாளை எந்தக் கணக்கில் எழுதுவது? புஷ்ஷை லேத்தில் கன்மெட்டல் என்கிற வெண்கலத்தில் கடைந்து போட்டார்கள். கூலியோடு 1,500.

“பேசாம ஒரேயடியா வெல்டு வச்சு நிறுத்திடவா? டில்ட் இல்லாம எத்தனை வண்டி ஓடுது” என்று பெரியவர் கேட்டார். எனக்கும் சபலம்தான். ஆனால் எந்த உயரத்தில் நிறுத்துவது என்று எனக்கும் டிரைவர் அண்ணனுக்கும் பட்டறை வாசலிலேயே சண்டை வந்துவிட்டது. கடைசியில் வெல்டு வைக்கவில்லை.

இப்போது புதுப்பல் கெட்டியாகப் பிடிக்கிறது. இனி மாதம் ஒருமுறை மூடியைத் திறந்து காற்றடித்துத் துடைப்பது, பல்லில் கிரீஸ் படவிடுவதில்லை என்று வைத்திருக்கிறேன். ஓட்ட சுகமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் மச்சான், நீங்க எடுக்காதீங்க. உங்களுக்கு உயரம் இருக்கிறது, ஓட்டப்போவதும் நீங்க ஒருவர்தான். அந்த இருபதாயிரத்தை, சேற்றில் உழ மாட்டுகிற இரும்புக் கேஜ் வீலில் போடுங்க. இதை எழுதும்போதும் எனக்கு எரிச்சல் அடங்கவில்லை, அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்க.

ஏறுவதற்கென்று மட்கார்டில் 350 ரூபாய்க்கு ஒரு கைப்பிடி வைத்திருக்கிறேன். டிரைவர் அண்ணன் அதில் சாப்பாட்டுத் தூக்கை மாட்டிவிட்டு, ஸ்டீரிங்கைப் பிடித்துத்தான் ஏறுகிறார்.