ரப்பர் புழுவுக்கு 187 டாலர்: நான் ஏமாந்தேன், நீங்களாவது பார்த்து வாங்குங்கள்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஆறிவிட்டால் 'போய்த் தொலையட்டும்' என்று விட்டுவிடுவேன், என் சுபாவம் அப்படி. இன்று காலைதான், எனக்குச் சாமான் விற்ற ஆள் என்னை ப்ளாக் செய்தான். போனது 187 டாலர். மீனுக்குக்கூட இல்லை, மீன் பிடிக்கும் ரப்பர் புழுவுக்கு.

டாலஸ் பக்கம் நம்மவர்கள் பலர் இப்போது சனி ஞாயிறில் தூண்டிலோடு ஏரிக்குக் கிளம்புகிறார்கள். அவர்களுக்காகத்தான் இது. நான் கொள்ளிடக் கரையில் நாக்குப்பூச்சியைக் கோத்துக் கெளுத்தி பிடித்து வளர்ந்தவன். தங்கூஸ், ஈயக்குண்டு, மயிலிறகுத் தண்டில் ஒரு தக்கை, அவ்வளவுதான் சாமான். இங்கே கடைக்குப் போனால் சுவர் முழுக்க ரப்பர் புழு தொங்குகிறது. நிறங்களுக்குப் பெயர் தர்பூசணி, பச்சைப் பூசணி, ஜூன் வண்டு. காய்கறிக் கடையா மீன்பிடிக் கடையா என்று தெரியாமல் முழித்துவிட்டுத் திரும்பிவிடுவேன்.

பையனுக்குப் பதினொரு வயது. இந்த வருடம் லேக் ஃபோர்க் என்ற ஏரிக்குப் போயே ஆக வேண்டும் என்று பிடிவாதம். ரெட்பட் மரம் பூத்தால் கிராப்பி என்ற ஏரி மீன் கரைக்கு வரும் என்று இந்த ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். எங்கள் தெருவில் பூத்துவிட்டது. அவசரம். அந்த அவசரத்தில்தான் பழைய பொருள், புதுப் பொருள் எல்லாம் விற்கிற ஓர் இணையச் சந்தைத் தளத்தில் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. 'போட்டிகளுக்குப் போய்க்கொண்டிருந்தவரின் சேமிப்பு, பாஸ் மீனுக்கும் கிராப்பிக்கும் வேண்டிய எல்லாம், மொத்தமாக 199 டாலர்.' நாற்பது பாக்கெட் ரப்பர் புழு, நூறு ஜிக் ஹெட் (ஈயத் தலை வைத்த தூண்டில் முள்), வெறும் முள், ஈயம், எல்லாம் படத்தில் பளபளவென்று இருந்தது.

நான் கண்ணை மூடிக்கொண்டு பணம் அனுப்பவில்லை. முதலில் பேசினேன். அங்கேதான் விழுந்தேன்.

எந்த ஏரி, தண்ணீர் தெளிவா கலங்கலா, படகா கரையா என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். எந்தக் கடைக்காரனும் என்னிடம் இதைக் கேட்டதில்லை. தெளிந்த தண்ணீருக்குப் பச்சைப் பூசணியும் தர்பூசணியும், கலங்கலுக்குக் கறுப்பு-நீலமும் ஜூன் வண்டும் என்றான். கிராப்பிக்கு இரண்டு அங்குல டியூப் (குழல் மாதிரி ரப்பர் இரை), பதினாறில் ஒரு அவுன்ஸ் ஜிக் ஹெட், நாலு அல்லது ஆறு பவுண்டு தாங்கும் தங்கூஸ். கிராப்பி மேலே பார்த்துத்தான் இரையெடுக்கும், அதற்குக் கீழே போய்விட்ட இரையைத் திரும்பிக்கூடப் பார்க்காது, அதனால் இலேசாக இறங்க வேண்டும் என்றான். இதில் ஒன்றுகூடப் பொய் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது.

அப்புறம் ஒரு கதை சொன்னான். 1992 ஜனவரியில் லேக் ஃபோர்க்கில் பாரி செயின்ட் கிளேர் 18.18 பவுண்டு பாஸ் பிடித்தாரே, டெக்சாஸ் மாநிலத்துக்கே பெரிய லார்ஜ்மவுத் பாஸ், அவர் அன்று பாஸுக்காகப் போகவே இல்லை, கிராப்பிக்குச் சிறுமீன் கோத்துப் போட்டிருந்தார் என்று. அதுவும் உண்மைதான். பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்த பையனின் கண் விரிந்ததைப் பார்த்தேன். அந்த நிமிஷமே பணம் போன மாதிரிதான்.

"தளத்தின் வழியாகக் கட்டினால் எனக்குக் கமிஷன் போகும். வங்கியிலிருந்து நேராக அனுப்புங்கள், 12 டாலர் குறைத்துக்கொள்கிறேன்" என்றான். அனுப்பினேன். 12 டாலரை மிச்சம் பிடித்து 187 டாலரைத் தொலைத்தேன். கணக்கில் நான் கெட்டிக்காரன் என்று வீட்டில் இனி யாரும் சொல்லமாட்டார்கள்.

நாலு நாளில் வரும் என்றது மூன்று வாரம் கழித்து வந்தது. பெட்டியைத் திறந்ததும் சோம்பும் மண்ணெண்ணெயும் கலந்த மாதிரி ஒரு நெடி. மீனை இழுக்கச் சோம்பு வாசனை சேர்ப்பார்கள், அது சரி. மற்றதுதான் சரியில்லை. பாதிக்கு மேல் உருகி, பல நிறமும் ஒட்டி, அல்வாத் துண்டு மாதிரி ஒரே கட்டி. விஷயம் தெரிந்த நண்பர் ஒருவர் பார்த்ததும் சொன்னார்: வழக்கமான ரப்பர் புழு மிருதுவாக்கும் எண்ணெய் சேர்த்த பி.வி.சி. ஜவ்வு மாதிரி நீளமாக இழுபடும் இன்னொரு வகை உண்டு, அதன் பொருளே வேறு. இரண்டையும் ஒன்றாக வைத்தால் ஒன்றையொன்று உருக்கிவிடும். அவன் பாக்கெட்டிலிருந்து பிரித்து எல்லாவற்றையும் ஒரே தட்டில் கொட்டி அனுப்பியிருக்கிறான். கிராப்பியின் கண் எங்கே பார்க்கும் என்று தெரிந்தவனுக்கு இது தெரியாதா?

பிழைத்ததை எடுத்துக்கொண்டு சனிக்கிழமை போனோம். ஐந்து அங்குலக் குச்சிப்புழு, நடுவில் முள்ளைக் குத்திப் போடுவது. நல்ல புழுவில் உப்பு நிறைய இருக்கும், தண்ணீரில் படுத்தவாக்கில் இறங்கும்போது இரண்டு முனையும் நடுங்கும். பாஸ் அந்த நடுக்கத்துக்குத்தான் வரும். இது காய்ந்த கொத்தவரங்காய் மாதிரி விறைப்பாக இறங்கியது. ஜிக் ஹெட் கல் மாதிரி விழுந்தது. மீன்பிடி மேடையில் எங்களுக்கு அடுத்து நின்ற கிழவர் எட்டடி ஆழத்தில் ஒன்றன்பின் ஒன்றாகத் தூக்கிக்கொண்டிருந்தார்.

பதினோரு மணிக்குப் பையனுக்கு ஒன்று மாட்டியது. கோல் வளைந்தது, தண்ணீரில் வெள்ளியாகப் புரண்டதைக்கூடப் பார்த்தோம். டப்பென்று விட்டது. முள் வளைவிலேயே ஒடிந்திருந்தது. "அப்பா, மீன் கடிச்சு உடைச்சிருச்சா?" என்று கேட்டான். கிராப்பியின் வாய் காகிதம் மாதிரி, வெடுக்கென்று இழுத்தால் வாய்தான் கிழியும். அதற்கு மெல்லிய கம்பி முள் போடுவார்கள், மரக்கட்டையில் மாட்டினால் வளைந்து விடுபட்டு வரும். வளையும், ஒடியாது.

வீட்டுக்கு வந்து அடுக்களைத் தராசில் பத்து ஜிக் ஹெட்டைப் போட்டேன். பதினாறில் ஒரு அவுன்ஸ் என்றால் ஒன்று 1.8 கிராம் போல, பத்துக்கு 18 கிராம், முள்ளுக்குக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம். தராசு 36 காட்டியது.

இனி அவன் பதில்கள். முதலில், "தபால் வண்டிச் சூடு." மார்ச் மாதத்தில்! அடுத்து, "நீங்கள் கலந்து வைத்திருப்பீர்கள்." வந்த பெட்டியின் படத்தை அனுப்பினேன். "வீடியோ வேண்டும்." அனுப்பினேன். "உங்கள் செலவில் திருப்பி அனுப்புங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன்." முகவரி கேட்டேன், இரண்டு நாள் மௌனம். பிறகு, அடுத்த முறை வாங்கும்போது 15 டாலர் தள்ளுபடியாம். அடுத்த முறை! "187 டாலரும் வேண்டும்" என்று எழுதினேன், ப்ளாக்.

தளத்தைக் கேட்டால், பணம் எங்கள் வழியாகப் போகவில்லை, பொறுப்பில்லை. வங்கியைக் கேட்டால், நீங்களே அனுப்பியது, திருட்டு இல்லை. கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் அறிக்கை வந்த 60 நாளுக்குள் எழுதிக் கேட்டிருக்கலாம் என்று வங்கியில் பேசிய அம்மா அன்பாக விளக்கினார். மிக்க நன்றி.

எந்தப் புழு, எந்த முள், எந்த எடை என்று விவரமாக ஒரு வழிகாட்டி எழுதுவதாகத்தான் தொடங்கினேன். மணி பன்னிரண்டரை, காலையில் வேலை. அதனால் சுருக்கமாக: தளத்துக்கு வெளியே பணம் அனுப்பாதீர்கள், எவ்வளவு குறைத்தாலும். பாக்கெட் பிரித்த ரப்பர் புழு வேண்டாம், வாங்கியதையும் அந்தந்தப் பாக்கெட்டிலேயே வையுங்கள். நாற்பது பாக்கெட் எதற்கு, முதலில் இரண்டு நிறம் போதும். முள்ளை இடுக்கியால் ஒருமுறை வளைத்துப் பாருங்கள், ஜிக் ஹெட்டைத் தராசில் போடுங்கள். பேச்சில் மயங்காதீர்கள் என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை.

பெட்டி கராஜில் இருக்கிறது. "அந்த நாத்தத்தை எப்போங்க தூக்கிப் போடுவீங்க?" என்று வீட்டில் கேட்டாயிற்று. குப்பை வண்டி செவ்வாய்க்கிழமை வரும். எஃப்.பி.ஐ.யின் இணையக் குற்றப் புகார் பக்கத்தில் நாளை என் புகாரைப் பதிகிறேன். இதே மாதிரிப் பெட்டி வேறு யாருக்காவது வந்திருந்தால் அதற்குள் சொல்லுங்கள், தூக்கிப் போடாமல் சாட்சிக்கு வைத்துக்கொள்கிறேன்.