இராணுவப் பித்தளை இசைக்குழுவின் கிறிஸ்துமஸ் கச்சேரி: அரங்கிலா, திறந்தவெளியிலா?

இரண்டு டிரம்பெட், ஒரு பிரெஞ்சு ஹார்ன், ஒரு டிரோம்போன், ஒரு டியூபா என்று ஐந்தே கருவிகளுடன் வரும் சிறு இராணுவக் குழுவின் பண்டிகைக்காலக் கச்சேரியை மூடிய அரங்கில் கேட்பதும் திறந்தவெளியில் கேட்பதும் வெவ்வேறு அனுபவங்கள்.

டிரம்பெட்டின் ஒலி வெளிவரும் விரிந்த வாய் கேட்போரை நோக்கியிருப்பதால் அதன் கூர்மையான ஒலி வெளியிலும் நேராக வந்து சேர்ந்துவிடும். ஆனால் ஹார்னின் வாய் பின்புறம் திரும்பியிருப்பதால், பின்னாலுள்ள சுவரில் மோதித் திரும்பும் ஒலியையே அது பெரிதும் நம்பியிருக்கிறது. சுவரில்லாத மைதானத்தில் மெல்லிய கேரல் (கிறிஸ்துமஸ் வாழ்த்துப்) பாடல்களில் ஹார்ன் இசைக்கும் நடுக்குரல் கரைந்துபோவதற்கு இதுவே காரணம்.

குளிரும் ஒரு பகைதான். 20 டிகிரி செல்சியஸில் நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டராக உள்ள ஒலியின் வேகம் 0 டிகிரியில் 331 ஆகக் குறைவதால், ஊதுவோரின் மூச்சு கருவியை ஓரளவு சூடாக்கினாலும் சுருதி இறங்கும்; குளிரில், விரலால் அழுத்தி இயக்கும் வால்வுகளும் மந்தமாகும்.

திறந்தவெளிக்கு அணிவகுப்பு இசையின் கம்பீரம் பொருந்தும். குழந்தைகளும் தாராளமாக எழுந்து ஆடலாம். எனினும் என் தேர்வு அரங்கே, அதுவும் நடுவரிசைக்குச் சற்றுப் பின்னால். முதல் வரிசையில் டிரம்பெட்டுக்கு நேரெதிரே அமர்வது வீரம்தான், காதுகள் பாவம்!