ஸ்டாக்ஹோம்–அபிஸ்கோ இரவு ரயில்: இடைத்தரகுத் தளத்தில் டிக்கெட் எடுத்து ஏமாந்த கதை

பிப்ரவரியில் நாங்கள் நான்கு பேர், எல்லாரும் ஸ்டாக்ஹோமில் வேலை பார்ப்பவர்கள், வட ஒளி (அரோரா) பார்க்க சுவீடனின் வடகோடியிலுள்ள அபிஸ்கோ கிளம்பினோம். மாலையில் ஏறிப் படுத்தால் மறுநாள் நண்பகல் வாக்கில் இறங்கலாம். கூகுளில் தேடியதும் விளம்பரமாக மேலே வந்த தளத்தை ரயில் நிறுவனத்தின் தளம் என்றே நினைத்துப் பணத்தைக் கட்டிவிட்டேன். 'நால்வருக்குத் தனி கேபின்', 9,200 குரோனர். முதல் தப்பு என்னுடையது, ஒப்புக்கொள்கிறேன்.

ஏறிப் பார்த்தால் ஆறு பர்த். பக்கத்துக்கு மூன்று, நம்மூர் த்ரீ டயர் மாதிரியேதான். கதவு மட்டும் கூடுதல். கீழே ஒரு வயதான தம்பதி பனிச்சறுக்குக் கட்டைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் மேல் என்ன தப்பு? டிக்கெட் பரிசோதகர் கையிலிருந்த கருவியில் தட்டிப் பார்த்துவிட்டு, "நீங்கள் வாங்கியிருப்பது நான்கு படுக்கை, முழு கேபின் இல்லை" என்றார். அந்த ரயிலில் இரண்டு விதமாகவும் வாங்கலாம். தளம் படுக்கையை விற்றுவிட்டு, கேபின் என்று சொல்லியிருக்கிறது.

அதோடு போயிருந்தால் இதை எழுதியிருக்கவே மாட்டேன். அந்தப் பரிசோதகர் அம்மா நகரும் முன், "வண்டி பூடன் வரைக்கும்தான், அங்கிருந்து பஸ். தெரியும்தானே?" என்று கேட்டார். முந்தின நாளே எல்லாப் பயணிகளுக்கும் செய்தி அனுப்பிவிட்டார்களாம். எங்கள் நால்வரில் ஒருவருக்கும் வரவில்லை. டிக்கெட்டின் பிடிஎஃப்பைத் திறந்து பெரிதாக்கிப் பார்த்தேன். பயணியின் மின்னஞ்சல் இருக்க வேண்டிய இடத்தில் தளத்தின் முகவரி. தொலைபேசி எண் காலி. அடியில் பொடி எழுத்தில் ரயில் நிறுவனத்தின் கட்டணம்: 6,400. மீதி 2,800 தளத்தின் 'சேவை'.

பூடனில் காலையில் மைனஸ் 24. மூக்கு மயிர் உறைவது என்றால் என்ன என்று அன்றுதான் தெரிந்தது. பஸ் ஒன்றரை மணி நேரம் கழித்து வந்தது. அப்புறம் சுமார் 400 கிலோமீட்டர் பனிச் சாலை. அபிஸ்கோ சேரும்போது இருட்டிவிட்டது. மதியத்துக்குப் பணம் கட்டியிருந்த நாய் வண்டிச் சவாரி போயே போச்சு. வட ஒளியா? இரண்டு இரவும் மேகம். அதற்கு யார்மேலும் கேஸ் போட முடியாது.

அந்தப் பாதையில் இது அபூர்வமும் இல்லை. 2023 டிசம்பரில் இரும்புத்தாதுச் சரக்கு ரயில் ஒன்று தடம்புரண்டு, சுவீடனின் கிருனாவுக்கும் நார்வேயின் நார்விக்குக்கும் நடுவே (அபிஸ்கோ இதற்கிடையில்தான்) இரண்டு மாதம் வண்டியே ஓடவில்லை. திறந்த சில நாட்களிலேயே, 2024 பிப்ரவரியில், மறுபடி ஒன்று தடம்புரண்டது. ஏற்கெனவே தரகரிடம் வாங்கியிருந்தால், முந்தின நாள் ரயில் நிறுவனத்தின் தளத்துக்கே போய் வண்டி கடைசி வரை ஓடுகிறதா என்று பாருங்கள். வாங்கப் போகிறவர்கள் அங்கேயே, சொந்த மின்னஞ்சல், சொந்த எண் கொடுத்து வாங்குங்கள்.

பணத்தைத் திரும்பக் கேட்டதும் தளம் 'பரிசீலனையில் உள்ளது' என்றே வாரக்கணக்கில் இழுத்தடித்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2021/782 விதிப்படி, சேருமிடத்துக்கு 60 நிமிடம் தாமதமானால் கட்டணத்தில் 25%, 120 நிமிடமோ அதற்கு மேலோ என்றால் 50% கிடைக்கும். கடும் புயல் மாதிரிக் காரணம் என்றால் கிடைக்காது. நீங்கள் கேட்டால் பணமாகவே தர வேண்டும், கேட்காவிட்டால் கூப்பனாகவும் தரலாம். ஆனால் மூன்று மாதத்துக்குள் கேட்க வேண்டும். அந்தக் கெடு தாண்டட்டும் என்றுதான் இழுத்தார்கள் என்பது என் சந்தேகம். பத்தாவது வாரம் எங்களில் ஒருத்தி பொறுமை இழந்து, ரயில் நிறுவனத்தின் படிவத்தில் டிக்கெட் எண்களைப் போட்டு நேரடியாக அனுப்பினாள். இருபது நாளில் 3,200 வந்தது. 6,400-க்குப் பாதி. தளம் பிடித்த 2,800 கணக்கிலேயே வராது.

அதற்காக சுவீடனின் நுகர்வோர் குறைதீர் வாரியத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். கட்டணம் கிடையாது, ஆனால் அவர்கள் சொல்வது பரிந்துரைதான், கட்டாயமில்லை. அது முடியும் வரை தளத்தின் பெயரைப் போடவில்லை.

போன வாரம் அந்தத் தளத்திடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது, இந்த முறை சரியாக என் முகவரிக்கே: அடுத்த பயணத்துக்கு 10% தள்ளுபடியாம்.