டிஎக்ஸ் காரின் பின் ஆக்சில்: பேரிங் போதுமா, டிஃப்ரன்ஷியலையே மாற்றுவதா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் டொயோட்டா கொரோலா கேஇ70 காரை இன்னும் அன்றாடம் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். கேஇ70 என்றால் சிலர் யோசிப்பார்கள், டிஎக்ஸ் என்றால் எல்லாருக்கும் தெரியும். இந்தக் காரின் பின்பக்கம் உறுமத் தொடங்கினால் பட்டறையில் மூன்று வழிகள் பேச்சில் வரும். சக்கர பேரிங்கையும், எண்ணெய் கசியாமல் தடுக்கும் சீலையும் மாற்றுவது ஒன்று. பழைய காரில் கழற்றிய டிஃப்ரன்ஷியலை, அதாவது என்ஜின் சுழற்சியை இரண்டு பின்சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் பற்சக்கரத் தொகுதியை, அப்படியே தூக்கி வைப்பது இன்னொன்று. இருப்பதையே பிரித்துப் புது பேரிங், புது கிரவுன் பினியன் (உள்ளே இருக்கும் பெரிய, சிறிய பற்சக்கர ஜோடி) போட்டு அமைப்பது மூன்றாவது. செலவும் இதே வரிசையில்தான் ஏறும். என் கருத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன்: சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரியும்வரை இந்த மூன்றில் எதற்கும் ஒரு வெள்ளிகூடக் கொடுக்காதீர்கள். தெரிந்த பிறகு பெரும்பாலும் முதல் வழியிலேயே வேலை முடிந்துவிடும்.

சத்தத்தைப் பிரித்தறியக் கருவி எதுவும் வேண்டாம். கோலகங்சார் போகும் பழைய சாலையில், வண்டிகள் குறைவான நேரத்தில், கண்ணாடியை இறக்கிவிட்டு 60, 70 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டுங்கள். எண்ணெய் மிதியை அழுத்தும்போது ஒரு சத்தம், காலை எடுத்தால் வேறு சத்தம் என்றால் சந்தேகம் கிரவுன் பினியன் பக்கம் போகும். மிதித்தாலும் விட்டாலும், நியூட்ரலில் உருளவிட்டாலும் அதே உறுமல், வேகத்தோடு மட்டும் ஏறி இறங்குகிறது என்றால் சக்கர பேரிங். எந்தப் பக்கம்? ஸ்டீரிங்கை லேசாக இடப்பக்கம் வளையுங்கள், காரின் எடை வலப்பக்கம் சாயும். அப்போது உறுமல் கூடினால் பெரும்பாலும் வலது பேரிங்தான். திருப்பத்தில் மட்டும் கடகடவென்றால் டிஃப்ரன்ஷியலுக்குள் இருக்கும் சின்னப் பற்சக்கரங்களைப் பார்க்கவேண்டும். புதுத் தாரில் அடங்கி, கரடான தாரில் கூடுகிறதா? அது டயர் சத்தம், ஆக்சிலைத் தொடவே வேண்டாம்.

கிளட்சை விடும்போது "டக்" என்று ஒரு இடி விழுந்தால் முதலில் கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குப் போகும் புரொப்பெல்லர் ஷாஃப்டின் யூ ஜாயிண்டை (மடங்கும் மூட்டை) கையால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். அது மலிவான சாமான். அதைப் பார்க்காமலே "அண்ணே, டிஃப்ரன்ஷியல் போச்சு, மொத்தமா மாத்திடலாம்" என்று சொல்கிற பட்டறைகள் உண்டு.

சாலையில் ஓட்டிப் பார்த்தாயிற்றா, சரி, அடுத்தது எண்ணெய். டிஃப்ரன்ஷியலின் அடித்திருகைத் திறந்து கொஞ்சம் வடியுங்கள். விரலில் தேய்த்தால் வெள்ளி மை போல மெல்லிய பொடி மட்டும் என்றால் அது வயதுக்குரிய தேய்மானம். நகத்தில் சிக்குகிற செதில் வந்தால் பல் உடைகிறது என்று அர்த்தம். பால் கலந்த தேநீர் நிறத்தில் வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது, எங்கள் பக்கம் இது அடிக்கடி நடக்கும். நெடுந்தூரம் ஓடிச் சூடான ஆக்சில், மழைநீர் தேங்கிய செம்பனைத் தோட்டத்துப் பாதையில் இறங்கும்போது சட்டென்று குளிர்கிறது. உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்கிறது. ஆக்சில் மேல் இருக்கும் சின்ன மூச்சுக்குழாய் செம்மண்ணால் அடைத்துப்போனால் இன்னும் மோசம். சூட்டில் உள்ளே ஏறும் அழுத்தம் சீலைத் தள்ளி, எண்ணெய்யைப் பிரேக் டிரம்முக்குள் விடும். இது தெரியாமல் வருடத்துக்கு வருடம் சீல் மட்டும் மாற்றிக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு கம்பியால் அந்த ஓட்டையைக் குத்திவிட்டாலே பாதி வேலை முடிந்தது.

டிரம்மைக் கழற்றினால் உள்ளே ஈரமா? முகர்ந்து பாருங்கள். கந்தக வாடையோடு கெட்டியாக இருந்தால் டிஃப்ரன்ஷியலிலிருந்து கசிந்த கியர் ஆயில். தண்ணீராக வழுக்கினால் பிரேக் ஆயில், அது வேறு வேலை. கியர் ஆயில் ஊறிய பிரேக் ஷூவைப் பெட்ரோலில் கழுவித் திரும்பப் போடுவது கூடவே கூடாது. இரண்டு பக்கமும் புதிது போடவேண்டும்.

முதல் வழியைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். டிஎக்ஸில் சக்கரத்தைச் சுழற்றும் ஆக்சில் ஷாஃப்ட் வெளியே வராமல் பிடித்திருப்பது பேரிங்குக்குப் பக்கத்தில் இறுக்கி ஏற்றிய காலர் என்கிற ஒரு வளையம்தான். அது நழுவினால் ஓடுகிற வண்டியிலிருந்து சக்கரம், டிரம், ஷாஃப்ட் எல்லாம் சேர்ந்தே வெளியே வரும். அதனால் பேரிங் மாற்றும்போதெல்லாம் காலர் புதிது. பழைய காலரைக் கிரைண்டரால் தேய்த்து, உளியால் ஒரு அடி கொடுத்துப் பிளந்து எடுக்கவேண்டும். காஸ் வைத்துச் சுட்டுக் கழற்றினால் ஷாஃப்டின் உறுதியே போய்விடும். புதுக் காலரைச் சூடாக்கி பிரஸ்ஸில் ஏற்றவேண்டும், சுத்தியலால் தட்டி ஏற்றக்கூடாது. பழைய காலரை வெல்டிங் வைத்து நிறுத்தித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். பின்சீட்டில் பிள்ளைகள் உட்காரும் கார் இது.

புது பேரிங் போட்டும் அதே பக்கம் சீக்கிரமே மறுபடி போகிறதென்றால் ஷாஃப்டோ, ஆக்சிலின் வெளிக்கூடான ஹவுசிங்கோ வளைந்திருக்கும். அப்போதுதான் முழு ஆக்சிலையும் மாற்றுவதில் நியாயம் இருக்கிறது. விரிசல் விட்ட ஹவுசிங்கை வெல்டிங் வைத்தால் சூட்டில் அது இன்னும் கோணும்.

இரண்டாவது வழி, கழற்றிய டிஃப்ரன்ஷியல். பழைய சாமான் கிடைக்கும் ஈப்போ 30 கிலோமீட்டர் தள்ளி இருப்பதால் நமக்கு இது கைக்கெட்டும். டிஎக்ஸில் இரண்டு ஷாஃப்டையும் கொஞ்சம் வெளியே இழுத்து, புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்றினால் டிஃப்ரன்ஷியல் முன்பக்கமாகக் கையோடு வந்துவிடும். தொழிற்சாலையில் அமைத்த அமைப்பு கலையாமல் மாற்றலாம் என்பதுதான் இதன் பெரிய பலம். ஆனால் வாங்கும்போதே பற்களை எண்ணுங்கள். கிரவுனில் 43, பினியனில் 11 என்றால் விகிதம் 3.9. 41-க்கு 10 என்றால் 4.1. 3.9 இருந்த இடத்தில் 4.1 போட்டால் என்ஜின் கூடுதலாகச் சுற்றும், ஸ்பீடோமீட்டரும் ஏறக்குறைய 5 விழுக்காடு அதிகம் காட்டும். உங்கள் காரில் இருப்பது என்ன என்று பிரிக்காமலே பார்க்கலாம். நியூட்ரலில் நிறுத்தி, மற்ற சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஒரு பின்சக்கரத்தை மட்டும் தூக்கி ஸ்டாண்டில் வையுங்கள். அதை இரண்டு சுற்று சுற்றும்போது புரொப்பெல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்று வருகிறதோ அதுதான் விகிதம். ஆக்சில் ஷாஃப்டின் முனையில் இருக்கும் ஸ்பிளைன் (நீள வரிப்பல்) எண்ணிக்கையும் ஒத்துப்போகவேண்டும். பல்லில் துருப்புள்ளி தெரிந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம், ஓடத் தொடங்கியதும் சத்தம் போடும்.

90 எண் கியர் ஆயிலுக்குப் பதில் இன்னும் கெட்டியான 140 ஊற்றிச் சத்தத்தை அடக்குவதை நான் ஒரு வழியாகவே சேர்க்கவில்லை. தேய்வது உள்ளே தேய்ந்துகொண்டேதான் இருக்கும். ஜிஎல்-5 வகை 90 போதும்.

மூன்றாவது வழி சரியாகச் செய்தால் இருப்பதிலேயே நல்லது, தப்பாகச் செய்தால் பணமும் போய்ச் சத்தமும் கூடும். கிரவுனும் பினியனும் ஜோடியாக உரசிப் பழக்கியவை, ஒன்றை மட்டும் மாற்ற முடியாது. இரண்டுக்கும் நடுவே 0.13 முதல் 0.18 மில்லிமீட்டர் இடைவெளி. அதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. பல்லில் சாயம் தடவிச் சுற்றி, பதிவு எங்கே விழுகிறது என்று பார்த்து, ஷிம் என்கிற மெல்லிய தகடுகளை மாற்றி மாற்றி அமைக்கவேண்டும். பினியன் நட்டை இம்பேக்ட் கன்னால் இறுக்கி, பேரிங்கை நசுக்கிக் கெடுத்த கார்களை இதே ஊரில் பார்த்திருக்கிறேன். அதனால் வேலையைக் கொடுக்கும் முன் அந்த இடைவெளியை அளக்கும் டயல் கேஜை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். தயங்காமல் எடுத்துக் காட்டுகிறவரிடம் காரை விடலாம். "அதெல்லாம் கைப்பழக்கம்ணே" என்று பதில் வந்தால் ஈப்போவுக்குப் போய்ப் பல்லை எண்ணுங்கள்.